நாக்கு தொட்ட எடம்

கோயமுத்தூர் கோட்டைமேட்டுல அமீர் ஹம்சான்னு ஒருத்தர் இருந்தாரு. பல்லு செட்டு செய்யறது அவரு தொழிலு. கடை வாசல்ல ஒரு போர்டு தொங்கும். அதுல மூஞ்சி இல்லாம வாயி மட்டும் சிரிச்சுட்டு நிக்கும். கொழந்தைங்க அதப் பாத்து பயந்து ஓடும். பெரியவங்க அதப் பாத்துத்தான் உள்ள வருவாங்க.

ஆளு கை சுத்தம். வாயில மெழுகு வெச்சு அழுத்தி அச்செடுப்பாரு. அதுல பிளாஸ்டர் ஊத்துவாரு. அப்பறம் வல்கனைட்டுங்கற கெட்டி ரப்பர அதும்மேல படிய வெச்சு, ஆப்பச்சட்டி அளவு இருக்கற பாய்லர்ல வேகப் போடுவாரு. வெந்து வந்துச்சுன்னா வாயோட மேக்கூரை அப்படியே கைல இருக்கும். சோமனூரு, உடுமலைப்பேட்டைன்னு எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிட்டு வருவாங்க. எல்லாஞ் சரி. ஆனா ஹம்சாகிட்ட ஒரு சர்டிபிகேட்டு கெடையாது.

அதுதான் முப்பத்தாறாம் வருசம் வெசனமாப் போச்சு. ஊருக்குள்ள புதுசா ஒரு தரும ஆஸ்பத்திரி தொறந்தாங்க. பல்லு செட்டு செய்யறதுக்கு ஒரே ஒரு ஆள நெரந்தரமா வெச்சுக்கப் போறதாப் பேச்சு. ஹம்சா சட்டையத் தொவைச்சு மாட்டிட்டு டாக்டர் அங்கப்பனப் பாக்கப் போனாரு.

டாக்டர் நல்ல மனுசன். ஆனா நறுக்குன்னு பேசுவாரு. "பாய், உங்க வேல நல்லாருக்குதுன்னு நாலு பேரு சொல்றாங்க. ஆனா கமிட்டில கேப்பாங்கல்ல? மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வந்து கடை போட்டிருக்காரு. மூணு சர்டிபிகேட்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருக்காரு. நீங்க ஒரு லெட்டராச்சும் கொண்டாங்க. படிச்ச ஆளு, உங்க வேலய கிட்ட இருந்து பாத்தவரு, இங்கிலீசுல எழுதித் தரோணும். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்."

ஹம்சாகிட்ட பல்லு கட்டுனவங்கள்ல முக்காவாசிப் பேரு கைநாட்டு. மிச்சப் பேரு பல்லு கட்டுனதையே வெளிய சொல்லாதவங்க. லெட்டருக்கு எங்க போவாரு?

பதினஞ்சு நாளு இப்படியே ஓடுச்சு. அப்பத்தான் கோவிந்தராஜுலு கடைக்குள்ள வந்தாரு.

பீளமேட்டுப் பக்கம் பஞ்சு ஆலை வெச்சிருக்கற நாயுடு ஊட்டுப் பையன். முப்பது வயசு இருக்கும். நாலு வருசம் லண்டன்ல இருந்துட்டு வந்திருந்தாரு. அப்பா அனுப்பி வெச்சது மிசினு படிக்க. பையன் படிச்சுட்டு வந்தது வாயி. வாயிக்குள்ள எந்தச் சத்தம் எந்த எடத்துல பொறக்குதுங்கறதுக்கு லண்டன்ல ஒரு படிப்பே இருக்குதாம்.

"ஏனுங்க பாய், பல்லு வெக்காம வெறும் தகடு மட்டும் செஞ்சு தருவீங்களா?"

"பல்லில்லாத செட்டா? எதுக்குங்க தம்பி?"

"பேசறதுக்கு."

"பல்லு செட்டே பேசறதுக்குத்தானுங்க. கடிக்கறதெல்லாம் அப்பறம்."

கோவிந்தராஜுலு சிரிச்சுட்டே தோல்பொட்டியத் தொறந்து ஒரு பெரிய காயிதத்த விரிச்சாரு. முழுக்க கட்டங் கட்டமா கோடு. மேல வரிசையா எழுதியிருந்துது: உதடு, பல்லு, பல்லுக்குப் பின்னால இருக்கற மேடு, அண்ணம், உள்நாக்கு, தொண்டை. பக்கவாட்டுல வேற வரிசை: அடைச்சு வெடிக்கறது, ஒரசிட்டுப் போறது, மூக்கு வழியா வாரது.

"பாரசீகம், குர்து, பலூச்சி, பஷ்தூ. நாலும் அக்கா தங்கச்சிப் பாசைங்க பாய். நாலுலயும் இருக்கற மெய்யெழுத்துச் சத்தத்த எல்லாம் இனம் பிரிச்சு இந்தக் கட்டத்துல வெக்கோணும். ஒரே எடத்துல பொறந்தாலும் 'பல்லு'ங்கறப்ப வார 'ப'-க்குத் தொண்டை அதிராது, 'பாய்'னு உங்களக் கூப்புடறப்ப வார 'ப'-க்கு அதிரும். நம்ம தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. அவங்களுக்கு வேற வேற. தொண்டைல கை வெச்சுப் பாருங்க."

ஹம்சா தொண்டையப் புடிச்சுட்டு "பல்லு, பாய், பல்லு, பாய்"னு நாலு தடவ சொல்லிப் பாத்தாரு. ஆமா, ரெண்டாவதுக்குக் கையில குறுகுறுன்னுது.

"இது எங்களுக்குப் புதுசில்லீங்க தம்பி. மதரசால ஓதறப்ப மக்ரஜ்னு சொல்லிக் குடுப்பாங்க. இது தொண்டை எழுத்து, இது நாக்கு எழுத்து, இது உதட்டு எழுத்துன்னு. தப்பான எடத்துல இருந்து வந்தா முதுகுல ஒண்ணு விழும்."

"அதேதான் பாய்! அவங்க காதுல கேட்டுப் பிரிச்சாங்க. எனக்கு அது கண்ணுல தெரியோணும். அதுக்குத்தான் தகடு."

வழி ரொம்பச் சுளுவு. ஆளோட வாயி மேக்கூரைக்கு அளவா, கருப்பா, மெல்லிசா ஒரு தகடு. அதும்மேல பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டிய நொணுக்குன வெள்ளப் பொடியத் தூவி வாயில மாட்டோணும். ஒரே ஒரு சத்தம் சொல்லோணும். நாக்க ஆட்டாம ஆ-ன்னு தொறந்தே வெச்சிருக்க, தகட்ட வெளிய எடுக்கோணும். நாக்கு தொட்ட எடத்துல பொடி போயிருக்கும். கருப்பாத் தெரியும். அதப் படமா வரஞ்சுக்க வேண்டியது. பாரசீகம், குர்து, பலூச்சி மூணும் லண்டன்லயும் பம்பாய்லயும் ஆள் புடிச்சு முடிச்சாச்சு. பஷ்தூ மட்டும் பாக்கி.

"இத முடிச்சு அனுப்புனாத்தான் லண்டன் காலேஜுல எனக்கு வேலை. இல்லீன்னா எங்கப்பா பஞ்சுல கொட்டை பிரிக்க உக்கார வெச்சிருவாரு."

"எழுத்துல இனம் பிரிக்கறதும் பஞ்சுல கொட்டை பிரிக்கறதும் ஒண்ணுதானுங்களே தம்பி?"

"இத எங்கப்பாகிட்ட சொல்லிராதீங்க. அவரும் இதேதான் சொல்றாரு."

ஹம்சா அப்பத்தான் மெதுவா லெட்டர் விசயத்த எடுத்தாரு. கோவிந்தராஜுலு ரோசனையே பண்ணல. "தகடு சரியா அமைஞ்சுதுன்னா லண்டன் காலேஜு பேரு போட்ட காயிதத்துலயே எழுதித் தாரேன் பாய். நீங்க அதக் கண்ணாடி போட்டு மாட்டிக்குங்க."

ஹம்சாவுக்கு ஆஸ்பத்திரி வேலையே கைக்கு வந்தாப்புல இருந்துது.

பஷ்தூ பேசற ஆளுக்குத் தேட வேண்டியதில்ல. கந்தகார்ல இருந்து வந்து பன்னெண்டு வருசமா ஊரு ஊராப் பெருங்காயம் விக்கற ஜர்கூன் கான் இருந்தாரு. ஆறடிக்கு மேல ஒசரம், பெரிய தலப்பாகை. கொங்கு நாட்டுல சுத்திச் சுத்தித் தமிழு நம்மாளுக மாதிரியே வரும், 'ங்க' மட்டும் நம்மளவிட ரெண்டு சேந்து வரும். போன வருசம் ஹம்சா அவரு கடவாப் பல்ல வலிக்காமப் புடுங்கியிருந்தாரு. அந்த நன்றிக்கு ஒத்துக்கிட்டாரு.

"வாயில ஒரு தகடு வெச்சுட்டு என்ற பாசையப் பேசோணும், அவ்வளவுதானுங்களே? பேசிப்போடலாமுங்க."

மொத நாளு 'அபா', 'அமா'ன்னு உதட்டுச் சத்தம். தகட்ட எடுத்தா பொடி ஒரு துளி கலையல. உதட்டுல பொறக்கற சத்தத்துக்கு நாக்கு எதுக்கு? கோவிந்தராஜுலு கை தட்டுனாரு. "தகடு கச்சிதம் பாய்! லண்டன்லயே இவ்வளவு மெல்லிசா நான் பாத்ததில்ல."

ஆனா கான் வாசல்ல போய் நின்னு தூ தூன்னு துப்புனாரு. "நாக்குல உதுந்த தூசியே சுவத்த நக்குன மாதிரி இருக்குதுங்க. நாளைக்கு நான் வல்லீங்க. பெருங்காயம் விக்கப் போகோணும்."

உள்ள இருந்து ஹம்சா சம்சாரம் சாஜிதா பேகம் கொரல் குடுத்தாங்க. "ஏனுங்க, ஒறம்பரையக் கூப்புட்டு வாயில சுண்ணாம்ப அப்பி அனுப்பறதுதான் உங்க மருவாதிங்களா?"

அது ஹம்சாவுக்குச் சுருக்குன்னுது. வந்தவங்களுக்கு வெறுந் தண்ணி குடுத்தாக்கூட ஒரு துண்டு கருப்பட்டி சேத்துக் குடுக்கற ஊரு. நம்ம கடைக்கு வந்த ஆளு துப்பிட்டுப் போறதாவது? கான் வராமப் போனா லெட்டரும் வராது. அன்னிக்குச் சாயந்தரமே கல்கண்ட எடுத்து அம்மியில நொணுக்கி, துணியில சலிச்சு, சாக்குப் பொடியோட பாதிக்குப் பாதி கலந்து வெச்சாரு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியல. இதப் போய் கோவிந்தராஜுலுகிட்ட சொல்லோணும்னு அவருக்குத் தோணவே இல்ல. சமையக்காரன் கொழம்புல உப்புப் போட்டத வந்து சொல்லிட்டா இருக்கறான்?

அடுத்த நாளு கான வம்பாக் கூட்டியாந்து தகட்ட மாட்டுனாங்க. கான் மூஞ்சி கொஞ்சங் கொஞ்சமா மலந்துது. "பரவால்லீங்க. இன்னிக்குச் சுவரு நல்ல சுவருங்க."

மூணு நாளு வேல மடமடன்னு ஓடுச்சு. 'அதா', 'அடா', 'அணா', 'அஸா', 'அகா'. ஒவ்வொண்ணுக்கும் தகட்ட எடுத்துப் பாத்தா கோவிந்தராஜுலு கண்ணு விரிஞ்சுட்டே போச்சு. எந்தச் சத்தம் சொன்னாலும் தகடு முச்சூடும் கருப்பு. ஒரு ஓரத்துலகூடப் பொடி நிக்கல. பல்லுல பொறக்கற சத்தத்துக்கும் அதே. தொண்டையில பொறக்கற 'க்ஹ'-வுக்கும் அதே.

"பாய், இது யாருமே பாக்காதது! பாரசீகத்துல நாக்கு அங்கங்க தொட்டுட்டுப் போகுது. பஷ்தூல மொத்த அண்ணத்தையும் போய் ஒட்டிக்குது. மலை ஊருங்க. குளுரு. வாயத் தொறக்காமப் பேசிப் பழகி நாக்கு மேலயே தங்கிருச்சு. இது புது இனம். முழு அண்ண மெய்யின்னு பேரு வெச்சிருக்கறேன்!"

ஹம்சா தலைய ஆட்டுனாரு. குளுருல பல்லு ஆடும், அது அவருக்குத் தெரியும். நாக்கு விசயம் படிச்சவங்களுக்குத்தான தெரியும்.

புதங்கெழமை சாயந்தரம் கட்டம் முழுசும் நெறஞ்சுது. கோவிந்தராஜுலு சட்டப் பையில இருந்து ஒரு கவர எடுத்துக் காட்டுனாரு. "இது டாக்டர் அங்கப்பனுக்கு. எழுதிட்டேன். நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள லண்டன் தபால் சேரோணும், அப்பத்தான் பம்பாய்ல சனிக்கெழமை கப்பலப் புடிக்கும். அதப் போட்டுட்டு நேரா வந்து இத உங்க கைல குடுத்தர்றேன்."

அவரு போனதும் கான் வந்தாரு. வாசல்லயே நின்னுட்டுத் தலயச் சொறிஞ்சாரு.

"ஏனுங்க பாய், எழுத்தெல்லாம் தீந்துபோச்சுங்களா?"

"தீந்துச்சுங்க கான் சாயபு. உங்களுக்கு இனி தொந்தரவில்ல."

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மறந்து போன எழுத்து ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க, நல்லா ரோசன பண்ணச் சொல்லுங்க. அந்தப் பொடி மேல நாக்கு பட்டா எடுக்க மனசே வல்லீங்க. தம்பி 'அடா'ங்கறாரு, நானும் 'அடா'ங்கறேன். நீங்க கைய உள்ள உடறதுக்குள்ள முன்ன பின்ன ஒரு சுத்து நக்கிப்போடுவனுங்க. எந்த எழுத்தும் அம்புட்டு ருசிங்க."

ஹம்சா கைல இருந்த மெழுகு கீழ விழுந்துது.

விடியறப்ப சாஜிதா பேகம் அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தாங்க. ஹம்சா பக்கத்துல போய் உக்காந்தாரு. நடந்தத முழுசும் சொன்னாரு. சொல்லிட்டு, "சொல்லாம உட்டா யாருக்குத் தெரியப் போகுது? அந்த டாக்டருக்குக் கட்டமும் தெரியாது, கல்கண்டும் தெரியாது. லெட்டர் கைக்கு வந்திரும்"னாரு.

"வரட்டுமே. யாரு வேண்டாங்கறாங்க?"

"அந்தப் பையன் லண்டன்ல போய்..."

"நீங்க கட்டுன செட்டு ஒருத்தருக்கு ஒரு ஓரத்துல கடிச்சாலே மூணு வேள சோறு எறங்காது உங்களுக்கு. லண்டன் வரைக்கும் கடிக்கற செட்ட அனுப்பி வெச்சுட்டு அந்த லெட்டர மாட்டி வெச்சுப் பாத்துட்டே இருப்பீங்களா? இருந்தா இருங்க. கண்ணாடிக்கு ஆணி எங்க அடிக்கறதுன்னு சொல்லுங்க."

ஹம்சா எந்திரிச்சு, தொறக்கற நேரத்துக்குப் போயிரோணும்னு பொடி டப்பாவ மடியில கட்டிட்டுப் பெரிய தபாலாபீசுக்கு நடந்தாரு.

கோவிந்தராஜுலு சன்னலுக்கு முன்னால நின்னுட்டு இருந்தாரு. உள்ள கிளார்க்கு அரங்கசாமி கனமான கவர தராசுல வெச்சு, ஸ்டாம்பு எடுத்து எச்சி தொட்டுட்டு இருந்தாரு.

"தம்பி, ஒட்டாதீங்க!"

"வாங்க பாய். அதுக்குள்ள அவசரமா? உங்க லெட்டரு பையிலயே இருக்குது."

"அது கல்கண்டுங்க."

"எது?"

"உங்க புது இனம்."

கோவிந்தராஜுலுவுக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. ஹம்சா டப்பாவத் தொறந்து நீட்டுனாரு. பையன் வெரல வெச்சு நாக்குல தொட்டுப் பாத்தாரு. மறுபடி தொட்டாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"கான் சாயபு துப்பறாரேன்னு பாதிக்குப் பாதி கலந்துபோட்டனுங்க. அவரு அண்ணத்துல ஒட்டுனது எழுத்து இல்லீங்க. இனிப்ப நக்குனாருங்க."

"ஏனுங்க சார், ஒட்டறதா வேண்டாமா?" அரங்கசாமி ஸ்டாம்பக் கைல புடிச்சுட்டுக் கேட்டாரு. "எச்சி காயுது. பின்னால ஆறு பேரு நிக்கறாங்க."

"வேண்டாம்." கோவிந்தராஜுலு கவர வாங்கிட்டு வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தாரு. "முழு அண்ண மெய். நல்லவேள. லண்டன்ல அத்தன பேரும் கூடி நின்னு சிரிச்சிருப்பாங்க." அப்பறம் சட்டுன்னு கோவம் வந்துது. "மூணு நாளு பாய்! நாப்பது படம்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஒறம்பரைக்கு விருந்து போட என்ற ஆராய்ச்சிதான் கெடச்சுதா?" பையில இருந்த டாக்டர் லெட்டர எடுத்தாரு. "இதுல உங்களப் பத்தி என்ன எழுதியிருந்தேன் தெரியுங்களா? சொன்னதச் சொன்ன மாதிரி செய்யறவருன்னு." ரெண்டாக் கிழிச்சாரு.

ஹம்சா அந்தத் துண்டுகளப் பாத்துட்டே நின்னாரு. மூணு வார வெசனம் தீந்து வந்தது காலடியில கெடந்துது. "நாயந்தானுங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு.

கடைக்கு வந்து பாய்லரப் பத்த வெக்காமலே உக்காந்திருந்தாரு. மூணு மணி தாண்டி வாசல்ல செருப்புச் சத்தம். கோவிந்தராஜுலுதான். இன்னும் மூஞ்சி உம்முன்னுதான் இருந்துது.

"கான் எங்க இருப்பாரு?"

கான உக்கடத்துல புடிச்சாங்க. வெறும் சாக்குப் பொடின்னு கேட்டதும் அவரு பெருங்காய மூட்டையத் தோள்ல ஏத்திட்டாரு. "என்ற பாசை அவ்வளவு கசப்பான பாசை இல்லீங்க."

"ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு டீயும் பேரீச்சம்பழமும்"னாரு ஹம்சா.

"மொதல்லயுங்களா?"

"அப்பறம். வாயி கொப்புளிச்சதுக்கப்பறம்."

"பழம் ஒண்ணுங்களா ரெண்டுங்களா?"

"ரெண்டு."

அந்த வாரம் பூரா ஹம்சா கடையத் தொறந்து பல்லு வேலயே பாக்கல. கான் வாயில கையும் கண்ணுமா உக்காந்திருந்தாரு. சத்தம் வந்த அடுத்த நொடி தகடு வெளிய வந்திரும். நாக்கு அசையறதுக்கு எடமே குடுக்கல. 'அதா'-வுக்குப் பல்லு ஓரமா ஒரு பட்டை கருப்பு. 'அஸா'-வுக்கு ரெண்டு பக்கமும் கருத்து, நடுவுல காத்துப் போறதுக்கு ஒரு வாய்க்கா மாதிரி வெள்ள. தொண்டைச் சத்தத்துக்குத் தகட்டுல ஒண்ணுமே இல்ல, நாக்கு அவ்வளவு பின்னால போயிருது. 'அடா', 'அணா'-வுக்கு நாக்கு நுனி மேல மடிஞ்சு போய் நட்டநடு அண்ணத்துல ஒரு பொட்டு.

கோவிந்தராஜுலு அந்தப் பொட்ட ரொம்ப நேரம் பாத்தாரு. "பாய், உங்க வாயிக்கு ஒரு தகடு செஞ்சுக்குங்க."

ஹம்சா செஞ்சு மாட்டிட்டு 'அணா'ன்னாரு. ரெண்டு தகட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. கந்தகார்க்காரர் பொட்டும் கோட்டைமேட்டுக்காரர் பொட்டும் ஒரே எடத்துல இருந்துது.

"பாரசீகத்துல இந்தக் கட்டம் காலி. குர்துலயும் காலி. பலூச்சில 'ட' இருக்குது. பஷ்தூல 'ட'-வும் இருக்குது, 'ண'-வும் இருக்குது."

"எங்களாட்டவே சொல்றாங்களா?"

"எங்காளுக பாசை அதுங்க. நீங்கதான் எங்களாட்ட சொல்றீங்க"ன்னாரு கான், பேரீச்சம்பழத்த மென்னுட்டே.

"இது புதுசா தம்பி?" ஹம்சா பயந்து பயந்து கேட்டாரு.

"இல்ல பாய். காதுல கேட்டு முன்னமே எழுதி வெச்சிருக்கறாங்க. இப்ப கண்ணுல பாத்தாச்சு, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிட்டு இருந்தாரு. "அந்த முழு அண்ண மெய் இருந்திருந்தா பேரு வாங்கியிருப்பேன். வெசனமாத்தான் இருக்குது. ஆனா அது இல்லியே, என்ன பண்றது?"

அடுத்த வியாழக்கெழமை தபால் போச்சு. போட்டுட்டு வந்து அவரு ஹம்சா கைல ஒரு கவரக் குடுத்தாரு. ஒட்டல. "மறுபடி எழுதியிருக்கறேன். இந்தத் தடவ எல்லாத்தையும் எழுதியிருக்கறேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

ஹம்சாவுக்கு இங்கிலீசு தெரியாது. தபாலாபீசுல அரங்கசாமிகிட்ட நீட்டுனாரு. அவரு படிச்சுப் படிச்சுத் தமிழ்ல சொன்னாரு.

"தகடெல்லாம் லண்டன் வேலயவிட மேலுன்னு எழுதியிருக்குது... அப்பறம்... ஆளுக மேல பரிவு வந்தா கேக்காமக் கொள்ளாம பொடியிலயே கை வெச்சிருவாருன்னு எழுதியிருக்குது. இவரால மூணு நாள் வேல நாசமாப் போச்சுன்னு போட்டிருக்குது. அத நேர்ல வந்து சொன்னதும் இவர்தான், இல்லீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுன்னும் போட்டிருக்குது." அரங்கசாமி காயிதத்த மடிச்சாரு. "பாய், இதக் கொண்டு போயிராதீங்க. இதுக்குச் சும்மா போறதே தேவல."

"சும்மா போனா கேட்டையே தொறக்க மாட்டாங்க. மாசம் இன்னிக்கோட முடியுது."

"அப்ப மொதல் நாலு வரிய மட்டும் நான் தனியா எழுதித் தரட்டுங்களா?"

ஹம்சாவுக்கு ஆசையாத்தான் இருந்துது. "வேண்டாமுங்க. ஒரு தடவ கலந்தது போதும்"னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாரு.

டாக்டர் அங்கப்பன் லெட்டர மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சாரு. நடுவுல ஒரு தடவ மீசை துடிச்சுது. ஆனா சிரிக்கல.

"பரிவுல மருந்துல கை வெக்கறதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆவாது பாய்."

"ஆவாதுங்க."

"கமிட்டிக்கு நான் இத எப்படிக் காட்டறது?"

ஹம்சா பதில் சொல்றதுக்குள்ள வெளிய ஒரு விசிலுச் சத்தம். ரயில் கார்டு ஊதற மாதிரி. கதவத் தள்ளிட்டு ஒரு அம்மா உள்ள வந்தாங்க. பல்லடத்துப் பக்கம் செல்லாத்தாள்னு பேரு. பருத்திக் காட்டுக்காரங்க, நெறைய வெளச்சல், சந்தையில வெல பேசுனா எதுத்த ஆளு அசரோணும். அந்த மெட்ராஸ்காரரு மூணு மாசத்துக்கு முன்னால, வேலயக் காட்டறதுக்குன்னு ஆஸ்பத்திரில வெச்சு செட்டுக் கட்டுனது இவங்களுக்குத்தான். செட்டு நல்லாப் பொருந்தியிருந்துது. வலியில்ல, ஆட்டமில்ல. ஆனா 'ச' வார எடத்துலெல்லாம் விசிலு.

"டாக்டரே, இத நீங்களே மாட்டிக்குங்க! ச்ச்சீயீ... ச்ச்சந்தைல வெல ச்ச்சொன்னா வேவாரி ச்ச்சிரிக்கறான்! மாட்டுக்காரன் என்னையத் திரும்பிப் பாக்கறான்!"

"ரெண்டு தடவ ராவிப் பாத்தாச்சு பாய், ஓரமெல்லாம் சரியா இருக்குது"ன்னாரு டாக்டர், களைச்சுப் போய்.

ஹம்சா அந்தம்மா வாயையே பாத்துட்டு இருந்தாரு. "ஒரு பத்து நிமிசம் குடுங்க. கொஞ்சம் சாக்குக்கட்டி வேணுமுங்க."

செட்டக் கழட்டித் தொடச்சு, ஈரமில்லாமக் காய வெச்சு, பொடியத் தூவி மறுபடி மாட்டுனாரு. "ஆத்தா, 'அசா'ன்னு சொல்லுங்க."

"அச்ச்சாவா? அது யாரு? இது என்ன கருமம், வாயெல்லாஞ் சுண்ணாம்பு!"

"கசக்கத்தான் செய்யும் ஆத்தா. பொறுத்துக்கோணும். 'அசா'. சொல்லிப்போட்டு வாயத் தொறந்தே வெச்சிருங்க."

எடுத்துப் பாத்தாரு. கானோட 'அஸா'-வுல நடுவுல வாய்க்கா மாதிரி அகலமா வெள்ள இருந்துது. இங்க நூலு மாதிரி ஒரு கோடுதான். முன்பல்லுக்குப் பின்னால தகடு தடியா இருந்துது. காத்து நெருக்கிட்டுப் போகுது, அதான் ஊதுது. செட்டுக் கட்டுனவரு கடிக்கறதுக்கு அளவு பாத்திருக்காரு, பேசறதுக்குப் பாக்கல.

டாக்டர்கிட்டக் காட்டுனாரு. டாக்டர் கண்ணாடியப் போட்டுட்டுக் குனிஞ்சாரு. ஹம்சா மடியில இருந்த சொரண்டிய எடுத்து அந்த எடத்த மட்டும் மயிரளவு செதுக்குனாரு. மறுபடி பொடி, மறுபடி 'அசா'. கோடு கொஞ்சம் அகண்டுது. மறுபடி செதுக்குனாரு. நாலாந் தடவ தகட்ட எடுத்தப்ப நடுவுல நல்ல வாய்க்கா தெரிஞ்சுது.

கழுவி மாட்டி உட்டாரு. "இப்பச் சொல்லுங்க ஆத்தா. சந்தை."

"சந்தை." செல்லாத்தாள் நாக்கால செட்டத் தடவிப் பாத்தாங்க. "சந்தை. சனிக்கெழமை. சோளம். சொன்ன வெலை." மெதுவா ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்தாங்க. அப்பறம் இடுப்புல சேலையச் சொருகுனாங்க. மூணு மாசம் அடைச்சு வெச்ச மடை ஒடைஞ்சுது. சிரிச்ச வேவாரிக்கு ஒரு பாட்டம் வசவு, செட்டுக் கட்டுன மெட்ராஸ்காரருக்கு ஒரு பாட்டம், சும்மா பாத்துட்டு இருந்த டாக்டருக்கு ஒரு பாட்டம், இந்தச் சொரண்டிய மூணு மாசத்துக்கு முன்னாலயே எடுத்துட்டு வராததுக்கு ஹம்சாவுக்கும் சேத்து ஒரு பாட்டம். வார்டுல படுத்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்து கதவோரமா நின்னு கேட்டாங்க.

அதுக்கு நடுவுல அங்கப்பன் ஹம்சா பக்கமாச் சாஞ்சு, "பாய், திங்கக்கெழமைல இருந்து வாங்க"ன்னாரு. ஹம்சா காதுல அது விழவே இல்ல. டாக்டர் ரெண்டாந் தடவ கத்திச் சொல்ல வேண்டியிருந்துது.